நாற்பத்தேழாவது வரி

செங்குடையில் புது வீட்டுக்குக் குடிபோவதென்றால், முதலில் காற்றை எழுத வேண்டும்.

வீட்டுக்காரர் முகமூடி மாட்டிக்கொண்டு, காற்றில்லாத வீட்டுக்குள் தனியாகப் போவார். சுவரில் பதித்த கணினி முனையத்தின் முன் உட்கார்ந்து, ஊரின் வழிகாட்டிப் பக்கத்தில் உள்ள அறுபது ஆணைவரிகளை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்வார். உறவுக்காரர்கள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே பால் பாத்திரத்தோடு நிற்பார்கள். ஒரு புள்ளி பிசகினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். எல்லாம் சரியாக அமைந்தால் வீட்டுக்குக் காற்றூட்டும் மூச்சுப்பொறி மெல்ல முனகும், கதவு திறக்கும். பால் காய்ச்சுவது அதற்குப் பிறகுதான்.

செவ்வாயின் பாறைக்குள் குடைந்த அந்த ஊரில் எல்லா மூச்சுப்பொறிகளையும் இயக்கியது கொண்டல் என்ற கணினி இயங்குதளம். பூமியில் லினக்ஸ் என்று ஒரு குடும்பம் இருந்ததே, அதன் கொள்ளுப்பேரன். பனி வெட்டத் தங்களை இங்கே கொண்டுவந்து இறக்கிய கம்பெனியின் பூட்டிய மென்பொருளைத் தூக்கியெறிந்துவிட்டு, முதல் தலைமுறையினர் உருவாக்கிக்கொண்டது. யாரும் திறந்து பார்க்கலாம், மாற்றலாம். ஆனால் அவரவர் வீட்டில் அவரவர் கையால்தான் நிறுவ வேண்டும் என்பது ஊர்க்கட்டுப்பாடு. பொத்தானை அமுக்கி வாழ்கிறவன் கம்பெனியின் அடிமை என்று அந்த ஊரில் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும்.

அந்தக் கொண்டலுக்குக் காப்பாளர் மாசிலாமணி. அதிகம் பேசமாட்டார். ஒரு கேள்வி கேட்டால், மறந்துவிட்டாரோ என்று எதிராளி நினைக்கும்போது பதில் வரும். அந்த வாரம் முழுக்க அவர் அதைவிடக் குறைவாகப் பேசினார். அவர் முன்னால் இருந்தது ஒரு பொத்தான்.

பொத்தானின் பெயர் கைவிளக்கு. செய்தவள் எஸ்தர், நிலவிலிருந்து கடைசிக் கப்பலில் வந்தவள். அவளோடு வந்த நாற்பது குடும்பங்களில் பாதிக்கு மேல் இன்னும் வருகைக்கூடத்தில் நெருக்கியடித்துக் கிடந்தன. நிறுவத் தெரியாதவருக்கு வீடில்லை. கூடத்தின் காற்றோ அத்தனை பேருக்குப் போதவில்லை. பிள்ளைகள் பகலிலும் தூங்கிவழிந்தன. கைவிளக்கு வந்தால் அந்த அறுபது வரிகளையும் அதுவே ஓட்டிவிடும். அதை அனுமதிப்பதா வேண்டாமா என்று மாசிலாமணி மறுநாளுக்குள் சொல்லவேண்டும். மறுநாள் மாலை கம்பெனியோடு பேரம் வேறு.

அந்தப் பேரம்தான் அவரை அரித்தது. மூச்சுப்பொறியின் வடிகட்டிகளைக் கம்பெனி மட்டுமே விற்றது. ஒவ்வொரு முறையும், எங்களிடம் கையிருப்பு நிறைய இருக்கிறது என்று செங்குடை முறுக்கிக்கொள்ளும். கம்பெனிக்காரன் சிரித்துக்கொண்டே காத்திருப்பான். ஊரில் கடைசி வடிகட்டி கறுக்கத் தொடங்கும் நேரம் பார்த்து விலையைச் சொல்வான். எப்படியோ அவனுக்குத் தெரிந்திருக்கும். உள்ளேயே யாரோ ஒற்றன் இருக்கிறான் என்று மூன்று தலைமுறையாக ஊர் நம்பியது. ஒற்றன் என்றால் புதிதாக வந்தவனாகத்தானே இருக்க முடியும்? அதனால்தான் புதியவர்களுக்கு யாரும் எதையும் எளிதாக்கித் தரவில்லை.

"வந்து இன்னும் கால் காயல, அதுக்குள்ள ஊருக்கே பொத்தான் செஞ்சு தாராளாம்," என்றான் உச்சிமாகாளி, மாசிலாமணியின் உதவிக் காப்பாளன். "இவ்வளவு பாசம் எதுக்குவே?"

அதே கேள்விதான் மாசிலாமணிக்குள்ளும் ஓடிக்கொண்டிருந்தது. உதவி செய்ய வருகிற முகத்தை அவர் ஒருபோதும் நம்பியதில்லை. கைவிளக்கின் நிரலை எழுத்தெழுத்தாகப் படித்தார். சாப்பாட்டை முனையத்தின் முன்னாலேயே முடித்துக்கொண்டார். நிரல் சுத்தமாக இருந்தது. அது அவருடைய சந்தேகத்தைக் கூட்டவே செய்தது.

பிறகு அது கண்ணில் பட்டது. இறுதிக்குச் சற்று முன்னால், நீளமான ஒரு வரி. வெளியே எங்கோ ஒரு முகவரிக்கு எதையோ அனுப்பச் சொல்லியது. முகவரியைத் தேடிப் பார்த்தார். பூமி. கம்பெனியின் கணினி. அனுப்பப்படுவது, வடிகட்டியின் தேய்மானக் கணக்கு.

ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் சிரித்ததை உச்சிமாகாளி பார்த்தான்.

இருவரும் நேராக வருகைக்கூடத்துக்குப் போனார்கள். எஸ்தர் ஒரு முதியவருக்கு முகமூடியின் வாரை இறுக்கிக் கொண்டிருந்தாள்.

"கம்பெனி உனக்கு என்னம்மா குடுத்தான்?" என்றான் உச்சிமாகாளி, கூடம் முழுக்கக் கேட்கும்படி.

மாசிலாமணி கையடக்கத் திரையை அவள் முன் நீட்டினார். "இந்த வரி. எதுக்குப் போட்டே?"

அவள் எட்டிப் பார்த்தாள். அவள் முகத்தில் பயத்தைத் தேடினார். அலுப்புதான் தெரிந்தது.

"இதுவா? இது உங்க வழிகாட்டியில நாற்பத்தேழாவது வரி, அண்ணாச்சி."

"என்னது?"

"அப்படியே எடுத்துப் போட்டிருக்கேன். இது எதுக்குன்னு புரியலைன்னு உங்ககிட்டயே கேட்டேன், ஞாபகமில்லையா? 'கேள்வி கேக்காத, உள்ளத உள்ளபடி அடி'ன்னு சொன்னீங்க. சரி, ஊர் வழக்கம் போலன்னு விட்டுட்டேன்."

கூடத்தில் யாரோ இருமினார்கள். மாசிலாமணி திரையை வாங்கிக்கொண்டு வெளியேறினார்.

வீட்டுக்குப் போய்த் தன் மூச்சுப்பொறியைத் திறந்து பார்த்தார். அந்த வரி அங்கே இருந்தது. அவர் கையால், மணமான புதிதில், ஓர் எழுத்தும் பிசகாமல் அவரே அடித்தது. உச்சிமாகாளி வீட்டிலும் இருந்தது. எந்த வீட்டைத் திறந்தாலும் இருந்தது. பழைய பதிவுகளைத் தோண்டியபோது கதை விளங்கியது. முதல் தலைமுறையினர் அவசரத்தில் வழிகாட்டி எழுதியபோது, பாதியைக் கம்பெனியின் பழைய வழிகாட்டியிலிருந்தே பெயர்த்துப் போட்டிருந்தார்கள். அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லாரும் அதை அப்படியே அடித்தார்கள். ஊருக்குள் ஒற்றன் என்று எவனும் இருந்ததே இல்லை. காற்று வேண்டிய ஒவ்வொருவரும், முகமூடிக்குள் வியர்க்க வியர்க்க, கம்பெனிக்கு ஒரு சன்னலைத் திறந்துவிட்டுத்தான் பால் காய்ச்சியிருக்கிறார்கள்.

அதற்குள் மறுநாள் பிற்பகலாகி, பேரம் தொடங்கச் சில மணி நேரமே இருந்தது. அந்த வரி எதற்கு என்று ஊரில் எப்போதாவது கேட்டவள் எஸ்தர் ஒருத்திதான். மாசிலாமணி அவளைத் தேடிப் போனார்.

"அதை எடுக்கணும். எல்லா வீட்டிலயும். இப்பவே."

அவள் கொஞ்சம் யோசித்து ஓர் ஆணைவரியை எழுதிக் கொடுத்தாள். நீளமான வரி, ஏகப்பட்ட புள்ளிகளும் சாய்கோடுகளும். மாசிலாமணி அதைத் தன் முனையத்தில் ஓர் எழுத்தும் பிசகாமல் அடித்தார். ஓடியது. மூச்சுப்பொறி வழக்கம்போல முனகியது. நிம்மதியோடு அதை ஊருக்கு அனுப்பினார். மேலே தன் கையால் ஒரு குறிப்பும் சேர்த்தார்: இத்தனை காலம் நாம் புரியாமலே அடித்த ஒரு வரிதான் நம்மைக் காட்டிக்கொடுத்தது. இனி எதையும் புரிந்துகொள்ளாமல் அடிக்காதீர்கள். கீழே உள்ள வரியை உடனே அடிக்கவும்.

பதில்கள் மழைபோல் வந்து விழுந்தன.

"அடிச்சாச்சு அண்ணாச்சி."

"எங்க வீட்டுல முடிஞ்சுது. மச்சான் வீட்டுக்கும் நானே அடிச்சிட்டேன்."

"நல்ல காலம், கண்டுபிடிச்சீய! கம்பெனிக்காரன் இன்னைக்கு முழிக்கட்டும்."

தேநீர் ஆறுவதற்குள் ஊர் முழுக்க அடித்து முடித்திருந்தது. அந்த வரியை நீக்கிவிட்டுக் கைவிளக்குக்கும் அனுமதி கொடுத்துவிட்டார். கூடத்திலிருந்து குடும்பங்கள் மூட்டையோடு கிளம்பத் தொடங்கியிருந்தன. மாசிலாமணி கூடத்துக்குத் திரும்பி வந்து, கைத்திரையில் பதில்களை மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் பார்த்தார். ஏதோ ஒன்று வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. எஸ்தர் பக்கம் திரும்பிக் கசப்போடு சிரித்தார்.

"பாத்தியாம்மா எங்க ஊர் லட்சணத்த? இவ்வளவு சொல்லியும், அந்த வரி என்ன செய்யும்னு ஒருத்தனும் கேக்கலியே."

எஸ்தர் தன் மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தாள். முடிச்சைப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"நீங்களும் கேக்கலையே, அண்ணாச்சி."

மாசிலாமணி கைத்திரையைப் பார்த்தார். வரி எப்போதோ ஓடி முடிந்திருந்தது.