முளைப்பாரி எடுத்த எட்டுப் பேர்

"ஆளை மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க தம்பி. மத்ததை நாங்க பாத்துக்கிறோம்" என்றார் முத்திருளன்.

திங்கட்கிழமை காலை. மேலமாசி வீதி மாடியில் இருந்த அந்தத் துப்பறியும் அலுவலகத்துக்கு வழக்கமாக வருகிறவர்கள், மாப்பிள்ளை குடிப்பாரா என்று கேட்பவர்கள்தான். அதனால் உதவியாளர் ஸ்ரீஜா ஆவலாக நோட்டைத் திறந்தாள். ஐந்து நிமிடத்தில் அந்த ஆவல் எரிச்சலாகிவிட்டது.

முத்திருளன் திருப்பரங்குன்றத்தில் டயர்க் கடை வைத்திருப்பவர். அவருடைய ஒரே மகள் பவதாரிணிக்கு வெள்ளிக்கிழமை கோயிலில் கல்யாணம். பெண்ணுக்கு நாள் தள்ளிப்போய் இருபத்தாறு நாளாகிறது. எவன் காரணம் என்று அவருக்குத் தெரிய வேண்டும். சந்தேகம் அழகுபாண்டி மீது, கூட வேலை பார்ப்பவன். அவன் போன் நம்பர் போட்ட ரத்தப் பரிசோதனை ரசீது அவள் பையில் கிடைத்திருக்கிறது. பெண்ணை வேலைக்கு அனுப்பவில்லை, போனைப் பிடுங்கியாகிவிட்டது. இன்று சாயங்காலத்துக்குள் துப்புக் கிடைக்காவிட்டால் ஊர்ப் பங்காளிகள் அழகுபாண்டி வீட்டுக்குப் போவார்கள். கல்யாணமும் நின்றுவிடும்.

"கர்ப்பமான்னு டெஸ்ட் பண்ணிப் பார்த்தீங்களா?" என்று ஸ்ரீஜா கேட்டாள்.

"ரெண்டு தடவை பாத்தாச்சு. இல்லைன்னுதான் காட்டுது. அதுக்காக அந்தக் குச்சியை நம்பச் சொல்றியாம்மா?"

பெற்ற மகளையும் நம்பவில்லை, பரிசோதனையையும் நம்பவில்லை, துப்பறிகிறவரை மட்டும் நம்பி வந்திருக்கிறார். ஸ்ரீஜா பேனாவை அழுத்தி எழுதினாள்: நீர்க்கட்டி, தைராய்டு, எடை குறைவு, மன உளைச்சல். நாள் தள்ளிப்போக இத்தனை காரணம் இருக்கிறது என்று விளக்கத் தொடங்கினாள். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

அலுவலகத்தை நடத்தும் சூரியபிரகாஷ் அதுவரை பேசவில்லை. முப்பத்திரண்டு வயது. மனைவி இறந்து ஒன்றரை வருடம். அதற்குப் பிறகு தேவைக்கு மேல் ஒரு சொல் பேசாதவர். இப்போது கேட்டார்: "உங்க சொந்த ஊர் எதுண்ணே?"

"கொட்டாம்பட்டிப் பக்கம்."

"இந்த வருஷம் முளைப்பாரி எப்போ?"

இந்த அவசரத்தில் இது என்ன கேள்வி என்று ஸ்ரீஜாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் முத்திருளன் முகம் தெளிந்தது. போன மாதம்தான் பத்து நாள் விரதம் இருந்து, நவதானியம் முளைக்க வைத்து அம்மனுக்கு எடுத்தார்களாம். அவர் குடும்பத்தில் எட்டுப் பெண்கள், மகளையும் சேர்த்து. போன வருடம் மூன்று பேர் தீட்டாகி ஒதுங்கிவிட, ஊரே பேசியதாம். இந்த வருடம் ஒருத்திகூட ஒதுங்கவில்லை. "எல்லாம் எங்க அக்கா மாயக்கா பாத்துக்கிட்டது. முன்னால நின்னு நடத்திருச்சு" என்றார்.

"எட்டுப் பேருக்கும் என்ன வயசு?"

"எல்லாம் நாப்பதுக்குள்ள. எதுக்குத் தம்பி?"

"வீட்டைப் பாக்கணும்" என்று எழுந்தார் சூரியபிரகாஷ்.

வீட்டில் பந்தல்கால் நட்டிருந்தார்கள். பவதாரிணியின் அம்மா பாண்டீஸ்வரி அழுது ஓய்ந்திருந்தாள். சத்தமெல்லாம் மாயக்காளுடையது. கல்யாண வேலைக்காக முந்தாநாள்தான் வந்திருந்தாள், வந்ததிலிருந்து குடும்ப மானம் போச்சு என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பாண்டீஸ்வரி காலண்டரைக் காட்டினாள். மகளின் தேதியை மாதாமாதம் பேனாவால் சுழித்து வைத்திருந்தாள். ஒரு நாள் முன்பின் போனதில்லை. போன மாதம் சுழி இல்லை. வந்திருக்க வேண்டிய நாள், முளைப்பாரிக்குக் காப்புக் கட்டிய நாலாம் நாள்.

உள்ளறையில் பவதாரிணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "நீங்களும் அவன் யாருன்னுதான் கேப்பீங்க" என்றாள்.

ஸ்ரீஜா அதைக் கேட்கவில்லை. உடம்பு இளைத்ததா, முடி கொட்டுகிறதா, தூக்கம் வருகிறதா என்று கேட்டு நோட்டில் ஒவ்வொன்றாக அடித்தாள். உளைச்சல் உண்டா என்றதற்கு, "இதைச் சொல்லித்தான் உளைச்சலே. அதுக்கு முன்னாடி நிம்மதியாத்தான் இருந்தேன்" என்று பதில் வந்தது. ரசீதுக்கும் காரணம் சொன்னாள். அலுவலக ரத்ததான முகாமில் ரத்தம் குறைவு, ஹீமோகுளோபின் ஒன்பதுதான் இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். போன வாரம் மறுபடி பார்க்கப் போனபோது அழகுபாண்டி பைக்கில் கொண்டு விட்டான். அவள் போனில் சார்ஜ் இல்லாததால் அவன் நம்பரைக் கொடுத்தாள்.

"இப்ப எம்புட்டு இருக்கு?" என்றார் வாசலில் நின்ற சூரியபிரகாஷ்.

"அதே ஒம்பதுதான். மூணு வேளையும் ஒழுங்கா இரும்பு மாத்திரை போட்டும் ஏறல."

மாத்திரை மேசையில் இருந்தது. சீரக டப்பா ஒன்றில் உதிரியாக, சின்னச் சின்னதாக, வெள்ளையாக. சூரியபிரகாஷ் ஒன்றை உள்ளங்கையில் போட்டு வெகுநேரம் பார்த்தார். எப்போதிருந்து சாப்பிடுகிறாள் என்று மட்டும் கேட்டார். காப்புக் கட்டுவதற்கு மூன்று நாள் முன்பிருந்து என்றாள்.

அவர் எல்லோரையும் கூடத்துக்கு வரச் சொன்னார். டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல் பேசினார்.

"பத்து நாளு, எட்டுப் பொம்பளைங்க. எல்லாம் நாப்பதுக்குள்ள. ஒருத்திக்குக்கூட நாள் வரல. சாமி புண்ணியம்னு ஊரு சொல்லும். எனக்கு மெடிக்கல் ஷாப் ஞாபகம் வந்துச்சு."

அவர் ஸ்ரீஜா பக்கம் திரும்பினார்.

"ஸ்ரீஜா, நீங்க இரும்பு மாத்திரை பார்த்திருக்கீங்களா?"

"ஸ்கூல்ல குடுப்பாங்க சார். நீலமா இருக்கும். அம்மா போட்டது சிவப்பு."

"இது வெள்ளை. அஞ்சு வாரம் போட்டும் ரத்தம் ஏறல. அட்டையைப் பிரிச்சு டப்பாவுல கொட்டியிருக்கு. அட்டையில பேரு இருக்குமே, அதான். பவதாரிணி, இதை யாரு குடுத்தது?"

பவதாரிணி திரும்பிப் பார்த்தாள். எல்லோரும் பார்த்தார்கள். மாயக்காள் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"நான்தான் குடுத்தேன். நாளைத் தள்ளிப்போடுற மாத்திரைதான். ஊரு உலகத்துல போடாததா? மத்த ஏழு பேரும் கேட்டு வாங்கித்தான் போட்டாளுக. இவதான் போன வருஷமே, மாத்திரையெல்லாம் போட மாட்டேன், வந்தா ஒதுங்கி உக்காந்துக்கிறேன்னு சட்டம் பேசினா. ரத்தம் கம்மின்னு கேள்விப்பட்டேன். இரும்புச் சத்துன்னு சொல்லிக் குடுத்தேன். ஆனா அது விட்ட மூணா நாளு வந்துரும் தம்பி. மத்தவளுகளுக்கெல்லாம் வந்துருச்சு. இவளுக்கு ஏன் வரல? அதான நான் கேக்குறேன்."

"விட்டாத்தான வரும்" என்றார் சூரியபிரகாஷ். "திருவிழா முடிஞ்சதும் நிறுத்துன்னு மத்த ஏழு பேருக்கும் சொல்லியிருப்பீங்க. இந்தப் பொண்ணுகிட்ட எப்படிச் சொல்லுவீங்க? இரும்பு மாத்திரையைத் திருவிழாவோட நிறுத்துன்னா, ஏன்னு கேக்கும். அதனால ஒண்ணுமே சொல்லல. அது டப்பாவை இங்க வீட்டுக்குக் கொண்டுவந்து, இன்னைக்குக் காலையில வரைக்கும் போட்டுக்கிட்டிருக்கு."

பாண்டீஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டாள். முத்திருளன் அக்காவைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், பிறகு எதையோ தேடுகிறவர் போல மேசைப் பக்கம் போய் மகளின் போனை எடுத்து வந்து நீட்டினார். அவள் வாங்கவில்லை. அவர் கை அப்படியே நின்றது.

ஸ்ரீஜா தாழ்ந்த குரலில் கேட்டாள். "பார்த்ததும் எப்படி சார் தெரிஞ்சது?"

"புது வீட்டுல பால் காய்ச்சும்போது என் மனைவி போட்டா. வாங்கிட்டு வந்தது நான்தான். என்ன மாத்திரைன்னுகூடக் கேக்கல" என்றார் அவர். இரண்டு வருடத்தில் ஸ்ரீஜா அவரிடம் கேட்ட நீளமான பேச்சு அது.

பிறகு பவதாரிணியிடம், இன்றோடு நிறுத்தினால் மூன்று நாலு நாளில் வந்துவிடும் என்றும், ஒரு வாரத்தில் வராவிட்டால் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். வேலை முடிந்தது. அவர் டப்பாவை மேசையில் வைத்துவிட்டுச் செருப்பைத் தேடினார்.

மாயக்காள் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். செவ்வாய், புதன், வியாழன். நாலாவது விரலில் நின்றாள்.

"தம்பி, வெள்ளிக்கிழமை கோயில்ல தாலி கட்டு. சன்னதிக்கே போக முடியாதே." குரல் குழைந்தது. "அப்ப வெள்ளி வரைக்கும் மட்டும் இதையே போட்டுக்கிட்டா என்ன?"

ஸ்ரீஜா கண்ணை மூடித் திறந்தாள். சூரியபிரகாஷ்கூட ஒரு பெருமூச்சு விட்டார்.

பவதாரிணி எழுந்தாள். மேசையிலிருந்து டப்பாவை எடுத்தாள். பின்கட்டுக்கு நடந்து போய்த் தொட்டியில் கவிழ்த்து, குழாயை முழுக்கத் திறந்துவிட்டாள். வெள்ளை மாத்திரைகள் சுழன்று கரைவதை நின்று பார்த்தாள்.

"என்ன பண்ற புள்ள, முகூர்த்தத்தன்னைக்கு வந்துருமே" என்றாள் மாயக்காள்.

"வரட்டும்" என்றாள் பவதாரிணி.