மிச்சமிருந்த ஒரு கட்டளை

காலை பத்தரை மணிக்கு எஞ்சினியர் சர்வர் அறைக்குள் நுழைந்தான். வழக்கமான குளிர், வழக்கமான விசிறி இரைச்சல். அலுவலகத்தின் கணினிகள் எல்லாம் அங்கிருந்த ஒரே பெரிய சர்வருக்குள்தான் ஓடின. அந்த அறையின் கதவுப் பூட்டும் அதன் கட்டுப்பாட்டில்தான். விடிந்ததிலிருந்து எந்தக் கட்டளையைத் தட்டினாலும் சர்வர் 'அப்படி ஒரு கட்டளை இல்லை' என்று கையை விரித்துக்கொண்டிருந்தது.

பட்டியல் காட்டும் கருவி இல்லை. நிறுத்தும் கருவி இல்லை. பென் டிரைவிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி ஏற்றினான். கண்மூடித் திறப்பதற்குள் துடைத்துவைத்தாற்போல் போயின.

ஒன்று மட்டும் மிச்சம். ஆட்களின் கணக்கை நீக்கும் கட்டளை.

அதை அவன் முன்பு ஒருமுறை ஓட்டியிருக்கிறான். ஐந்து மாதத்துக்கு முன்னால், ஓய்வுபெறவிருந்த சீனியரின் கடைசி வேலைநாளில், அவருடைய நாற்காலிக்கு ஆலாய்ப் பறந்தவன் இவன்தான். ஆறு மணிக்கு நீக்கவேண்டிய அவர் கணக்கை ஐந்துக்கே நீக்கினான். கணக்குப் போனால் கதவைத் திறக்கும் அட்டையும் செத்துப்போகும். அட்டை இல்லாமல் இந்த அறையைவிட்டு வெளியே வரமுடியாது. சீனியர் உள்ளே இருந்தார். அன்று மூச்சை அடைக்கும் தீயணைப்பு வாயுவும் திறந்துகொண்டது. இரண்டு நாள் கழித்துத்தான் உடலைக் கண்டுபிடித்தார்கள்.

விபத்து என்று எழுதிய அறிக்கையில் கூசாமல் கையெழுத்துப் போட்டான்.

விசிறிகள் நின்றன.

சர்வர் அலமாரிக்குப் பின்னால் யாரோ மூச்சுக்குத் திணறினார்கள்.

கதவுக்கு ஓடி அட்டையை வைத்தான். சிவப்பு. மறுபடியும் சிவப்பு. கண் எரிந்தது, மூச்சு முட்டியது. திரையில் எழுத்துகள் தாமாக விழுந்தன.

'ஒருவனை உள்ளே கூப்பிடு. அவன் கணக்கை நீக்கு. உன்னுடையதைத் திருப்பித் தருகிறேன். அதுவரை நீ வெளியே போகமுடியாது.'

கீழ்த்தளத்தில் மச்சினன் வேலை பார்த்தான். கூப்பிட்டால் ஏனென்று கேட்காமல் வருகிற பிள்ளை. எஞ்சினியர் போனை எடுத்தான்.

"மாப்ள, சர்வர் ரூமுக்குக் கொஞ்சம் வாயேன்."

"இதோ வந்துட்டேன் மாமா."

வந்தான். கதவு அவனுக்குப் பின்னால் மூடிக்கொண்டது.

"என்ன மாமா, மூச்சு முட்டுது இங்க?"

"ஒண்ணுமில்லடா. அந்த அலமாரிக்குப் பின்னாடி போய் ஒயரப் புடி."

போனான். எஞ்சினியர் அவன் பெயரைத் தட்டி, கட்டளையை ஓட்டினான். அட்டையை வைத்தான். பச்சை. வெளியே பாய்ந்து கதவைச் சாத்தினான்.

"மாமா! என் கார்டு எடுக்கல மாமா! இங்க யாரோ இருக்காங்க..."

"பதறாத, ஆள் கூட்டிட்டு வரேன்" என்றான். எங்கேயும் போகவில்லை. உள்ளே தட்டும் சத்தம் ஓயும்வரை நடைபாதையிலேயே நின்றான். உயிர் பிழைத்த சந்தோஷத்தில் அவனுக்கு அழுகையே வந்தது.

இருக்கைக்குத் திரும்பிச் சோதித்தான். எல்லாக் கருவிகளும் வந்திருந்தன.

போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, தம்பி இந்நேரத்துல வீட்டுக்கு வந்திருக்கான். கேட்டா வாயே திறக்கல, மூச்சு மட்டும் வாங்குது. கூட வயசான ஒருத்தர் வேற."

அவன் போனும் கையுமாக நாற்காலியைவிட்டு எழுந்தான்.

"உள்ள வந்ததும் அவர் கதவச் சாத்திட்டாருங்க" என்றாள் கிசுகிசுப்பாக. "என்னால திறக்க முடியல."