இன்மையும் இன்மையும் சமமல்ல

ஏழாம் முகாமில் பொழுது விடிந்ததும் யாரும் முதலில் பல் துலக்குவதில்லை. தெருமுனைத் தூணுக்கு ஓடுவார்கள். மணிக்கட்டுப் பட்டையை அதில் வைத்துப் பச்சை எரிந்தால் அன்றைக்கு நீங்கள் ஆள். பேருந்து, ரேஷன், ஆஸ்பத்திரி எல்லாம் திறக்கும். சிவப்பு எரிந்தால் நகல். அதே பெயர், அதே இனிஷியல், அதே பிறந்த தேதியோடு வேறொருவர் எங்கோ முந்திக்கொண்டுவிட்டார் என்று பொருள். ஒரே ஆள் இரண்டு பட்டை வைத்து ஏமாற்றுவதாகத்தான் விதி எடுத்துக்கொள்ளும்.

அன்று எங்கள் முகாம் அஞ்சுகத்துக்குச் சிவப்பு. நிறைமாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு நேராகக் குடிப்பதிவகத்துக்கே வந்துவிட்டாள். அங்கே நான் தரவுத்தள நிர்வாகி.

“யக்கா, வலி எடுத்துருச்சு. ஆஸ்பத்திரி கேட்டு தொறக்கல. நான் ஓசூர்ல இருக்கேனாம். அப்ப இங்க துடிக்கிறவ எவ?”

அவளை உட்கார வைத்துவிட்டு இயக்குநர் கோவர்த்தனனிடம் ஓடினேன். நான் வாய் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

“நகல் எல்லாத்தையும் இன்னிக்கே மொத்தமா டெலீட் பண்ணிடும்மா. மேலிடத்து உத்தரவு.”

டெலீட் கட்டளை எழுதும் முன் அதே நிபந்தனையில் ஒரு செலக்ட் ஓட்டி, யார் யார் பெயர் வருகிறது என்று பார்ப்பது என் வழக்கம். யாரை அழிக்கப்போகிறோம் என்று பார்க்காமல் ஒரு பதிவையும் நான் அழித்ததில்லை. வந்ததைப் பிறந்த தேதிவாரியாகத் தொகுத்தேன். ஒரே தேதி சுவர் மாதிரி எழுந்து நின்றது. கடல் ஊருக்குள் வந்து எங்களை முகாமுக்குத் துரத்திய வருடம், ஜூன் ஒன்று.

“சார், இது மோசடி இல்ல. அந்த வருஷம் எங்களப் படகுல பெத்தாங்களா, மொட்டை மாடியில பெத்தாங்களான்னே யாருக்கும் நெனவில்ல. முகாம் பள்ளிக்கூடத்துல சேர்க்கறப்ப ஹெட்மாஸ்டர் எல்லாருக்கும் ஜூன் ஒண்ணுன்னு போட்டுட்டார். எனக்கும் அதான்.”

“அப்பீல் போகட்டும்.”

“அப்பீல் ஆபீஸ் கதவும் பட்டையிலதான சார் தொறக்குது?”

“ரூல்னா ரூல்தான். நீ படிச்சு மேல வந்துட்ட. இன்னும் ஏன் அவங்களையே கட்டிக்கிட்டு அழற?”

பிறந்த நிமிடம்வரை எழுதிய ஜாதகம் உள்ள மனிதர் அவர். தேதி இல்லாமலும் ஒருத்தி பிறக்கலாம் என்பது அவர் மண்டையில் ஏறவே ஏறாது.

விதியைத் திருத்த எனக்கு அதிகாரம் இல்லை. ஆதாரமற்ற தகவலை நீக்கும் அதிகாரம் உண்டு. தெரியாததைக் குறிக்கத் தரவுத்தளத்தில் ஒரு குறி இருக்கிறது, ஆங்கிலத்தில் ‘நல்’ (null) என்பார்கள். எங்கள் தமிழில் இன்மை. அது பூஜ்யம் அல்ல. தெரியாது என்ற ஒப்புதல். இரண்டு இன்மைகளை ஒப்பிடச் சொன்னால் எந்திரம் ஒருநாளும் சமம் என்று சொல்லாது. தெரியாத ஒருத்தியும் தெரியாத இன்னொருத்தியும் ஒரே ஆள்தான் என்று அடித்துச் சொல்லும் திமிர் அதற்குக் கிடையாது.

தொடக்கத்துக்கு ஒரு பிகின் போட்டுவிட்டு, பதிவுகளை மாற்றும் அப்டேட் கட்டளை ஒன்றே ஒன்று எழுதினேன். முகாம் பள்ளிச் சான்றைத் தவிர வேறு ஆதாரம் இல்லாத பிறந்த தேதிகளெல்லாம் இன்மை ஆகட்டும்; பிறகு யாரும் யாருக்கும் நகல் இல்லை. மாறிய பதிவுகளைச் சரிபார்த்தபோது என்னுடையதும் அதில் இருந்தது. என்னை மட்டும் விலக்க ஒரு நிபந்தனை போதும். போடவில்லை. கமிட் கொடுத்தேன், மாற்றம் நிலைத்தது.

கோவர்த்தனன் என் திரையை எட்டிப் பார்த்தார். “பைத்தியமா உனக்கு? பிறந்த தேதி இல்லாதவ அரசு வேலையில இருக்க முடியாது. உன் வேலை போச்சு!”

“தெரியும் சார்.”

“பேக்கப் இருக்கு. அஞ்சே நிமிஷம், பழையபடி ஆக்கிடுவேன்.”

“ஆக்குங்க. ஆனா தேதி ஏத்தறவர் ஒவ்வொரு தேதியும் நிஜம்னு தன் பட்டைய வெச்சு உறுதி சொல்லணும், அதுவும் ரூல்தான். பொய்னா ஜெயிலுக்குப் போறது நீங்க. என்கிட்டருந்தே ஆரம்பிங்க சார். நான் ஜூன் ஒண்ணுல பொறந்தேன்னு வைங்க பாப்போம்.”

பட்டை கட்டிய கையைத் தூக்கினார். தூக்கிய கை அந்தரத்திலேயே நின்றது. பிறந்த தேதி இல்லாதவளுக்கு இனி வேலை இல்லை என்று என் திரை தானாக அணைந்தது.

அஞ்சுகத்தைத் தாங்கிக்கொண்டு எதிரே இருந்த ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். அவள் பட்டையை வைத்ததும் பச்சை எரிந்து கதவு விலகியது. நர்ஸ் ஓடிவந்து சக்கர நாற்காலியில் உட்கார வைத்தாள்.

“பேரு?”

“அஞ்சுகம்.”

“பிறந்த தேதி?”

“தெரியாது” என்றாள் அஞ்சுகம், பல்லைக் கடித்துக்கொண்டு. “இன்னிக்கு ஒண்ணு பொறக்குதுல்ல, அதுக்காவது சரியா எழுது.”