விட்டுக்கொடுத்தவரின் மூக்குக்கண்ணாடி

மழைக்கு ஒதுங்கியவர்களில் அவர் ஒருவர்தான் நனைந்துகொண்டிருந்தார்.

மூக்குக்கண்ணாடிக் கடை வாசலில் நீட்டிக்கொண்டிருந்த தகரக் கூரைக்கு அடியில் முதலில் வந்து நின்றவர் அவர்தான். பிறகு வந்த ஒவ்வொருவருக்கும் "வாங்க, வாங்க... இடம் இருக்கு" என்று ஓரடி நகர்ந்தார். நகர்ந்து நகர்ந்து இப்போது தெருவிலேயே நின்றுகொண்டிருந்தார். தலையில் தண்ணீர் கொட்டியது. முகத்தில் ஒரு புன்னகை... ஏதோ பட்டாபிஷேகம் நடப்பதுபோல.

சாப்பாட்டு நேரம் முடிந்து கடைக்கு ஓடிவந்துகொண்டிருந்த அவள், அந்தப் புன்னகையைக் கவனிக்கவில்லை. நேராக மோதினாள். அவருடைய மூக்குக்கண்ணாடி பறந்து தரையில் விழ, அவளுடைய செருப்பு அதன்மேல் ஏறி நின்றது. நொறுக்கென்று ஒரு சத்தம்.

"ஐயோ, மன்னிச்சிடுங்க!" என்றார் அவர். "என் கண்ணாடி உங்க காலைக் குத்திடுச்சா?"

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சார், உடைச்சது நான். மன்னிப்புக் கேக்க வேண்டியதும் நான். அதையும் நீங்களே எடுத்துக்கிட்டா எனக்கு என்ன மிச்சம்?"

கதாநாயகியின் கண்களை வர்ணிக்க இதுதான் சரியான இடம். அவை அகலமானவை, கறுத்தவை, அந்த நிமிடம் கொதித்துக்கொண்டிருந்தவை. கண்ணாடி இல்லாத அவருக்கோ இரண்டு கறுப்புப் பொட்டுகள் மட்டுமே தெரிந்தன. அதற்கே மனிதர் தடுமாறிப்போனார்.

"உள்ள வாங்க" என்றாள் அவள், அதட்டலாக. "இந்தக் கடையில கண்ணு டெஸ்ட் பண்றது நான்தான். புதுசு போட்டுத் தரேன்."

"பரவாயில்ல, உங்களுக்கு எதுக்குச் சிரமம்..."

"வாங்கன்னு சொன்னேன்."

வந்தார்.

பரிசோதனை அறை இருட்டு. ஒளிரும் எழுத்துப் பலகை, ஒரு நாற்காலி, மூக்கில் மாட்டும் கனத்த வட்டச் சட்டம். அவள் குனிந்து விளக்கை அவர் கண்ணுக்குள் அடித்தாள். இரண்டு முகங்களுக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை... வெளியே மழை... மூச்சுச் சத்தம்...

"உங்க கண்ணுல ஒரு கடல் தெரியுது" என்றார் அவர்.

"விளக்கு வெளிச்சம் அது. அசையாதீங்க."

சட்டத்தில் ஒரு வில்லையைப் போட்டாள். எடுத்துவிட்டு இன்னொன்றைப் போட்டாள்.

"இது தெளிவா... இல்ல, இது தெளிவா?"

"ரெண்டுமே நல்லாத்தான் இருக்கு."

"ரெண்டும் நல்லா இருக்க முடியாது சார். ஒண்ணைச் சொல்லுங்க."

"உங்களுக்கு எது வசதியோ..."

"கண்ணு உங்களுது!"

அவள் குரலில் களைப்பைக் கேட்டார் போலிருக்கிறது. "முதல்ல போட்டீங்களே, அதுதான்" என்றார் சட்டென்று. அவள் நம்பிவிட்டாள். எழுத்து சரியாகத் தெரியாமல், அவளுக்கு வேலை சீக்கிரம் முடியட்டுமே என்று ஒரு மனிதன் பொய் சொல்வான் என அவளுக்கு எந்தப் படிப்பிலும் சொல்லித் தரவில்லை.

"என்ன வேலை பாக்கறீங்க? படிக்கிற தூரம் தெரியணும்."

"நாவல் எழுதறேன்." இரண்டு மூன்று தலைப்புகளைக் கூச்சத்தோடு சொன்னார்.

அவள் கை நின்றுவிட்டது. அந்தப் புத்தகங்கள் அவள் வீட்டில் இருந்தன. அக்காவின் தலையணைக்கு அடியில். கதாநாயகன் தன் காதலியை நண்பனுக்கு விட்டுக்கொடுப்பான். நண்பன் அவளைத் தன் தம்பிக்கு விட்டுக்கொடுப்பான். கடைசிப் பக்கத்தில் நால்வரும் ரயில் நிலையத்தில் கண்ணீர் விடுவார்கள். அந்தப் பெண்ணை யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள்.

அக்கா அதைப் படித்ததோடு நிறுத்தவில்லை. தன்னைப் பெண் பார்க்க வந்த ஒரு வங்கிக்காரரை, "தங்கச்சி படிச்சு முடிக்கட்டும்" என்று அனுப்பிவிட்டாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் காபியோடு தியாகமும் கலந்தே வரும். "சூடா குடி... உனக்காக எவ்வளவோ விட்டாச்சு, என் தூக்கமா பெருசு?" தங்கையை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், அந்த வங்கிக்காரர் நன்றாக ஜோக் அடிப்பார், எனக்குப் பிடித்திருக்கிறது, கட்டிக்கொள் என்றிருப்பாள்.

"ஒரு சந்தேகம்" என்றாள் இப்போது. "உங்க கதையில அந்தப் பொண்ணு என்ன நினைச்சா?"

"எந்தப் பொண்ணு?"

"பாத்தீங்களா... எந்தப் பொண்ணுன்னே தெரியல."

அவர் கோபப்படவில்லை. மூக்கில் இருந்த கனத்த சட்டத்தைக் கழற்றினார். பிறகு, "நீங்களே சொல்லுங்களேன்... என்ன நினைச்சிருப்பா?" என்றார். கேட்டுவிட்டு, பதிலுக்காகக் காத்திருந்தார். அவள் வீட்டில் அப்படி ஒன்று நடந்ததே கிடையாது.

அவள் அடுத்த வில்லையை எடுத்துத் துடைத்தாள். ஆனால் அந்த நிமிடம்தான்... சரி, அதை அவளே பிற்பாடுதான் ஒத்துக்கொண்டாள்.

புதுக் கண்ணாடி வாங்கிப்போனவர் திருகாணி லூஸ் என்று வந்தார். மூக்குப் பட்டை அழுத்துகிறது என்று வந்தார். துடைக்கிற துணி தொலைந்துவிட்டது என்று வந்தார்.

"வீட்டுல துணியைத் தின்னுறீங்களா?"

"இன்னொண்ணு குடுங்க... நாளைக்கும் தொலைக்கணும்."

அவள் சிரித்துவிட்டாள். பிறகு, சிரித்ததற்காகத் தன்மேலேயே கோபப்பட்டாள். கடைக் கதவு திறக்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்க்கிற இந்தக் கழுத்தை என்ன செய்வது?

ஒருநாள் சாயங்காலம் அவர் விடைபெற்றுத் திரும்பியவர், திறந்திருந்த கதவை விட்டுவிட்டு மூடியிருந்த கண்ணாடிக் கதவில் போய் முட்டிக்கொண்டார். மன்னிப்பும் கேட்டார், கதவிடம்.

அவள் அவர் கண்ணாடியைக் கழற்றி மெஷினில் வைத்துப் பார்த்தாள். அவரையும் பலகை முன் உட்கார வைத்துப் பார்த்தாள். முகம் மாறியது.

"பவர் தப்பு. உங்களுக்கு எதுவுமே ஒழுங்கா தெரியாதே இதுல! எப்பலேருந்து?"

"முதல் நாள்லேருந்து... லேசாத் தலைவலி, அவ்வளவுதான். நீங்க அவ்வளவு அக்கறையாப் போட்டுக் குடுத்தீங்க. தப்புன்னு சொன்னா உங்க மனசு..."

"என் மனசைப் பத்தி என்கிட்டக் கேட்டீங்களா?" அவள் கத்திய கத்தலில் முதலாளி கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். "என் வேலையைக் கெடுத்துட்டு, அதை எனக்காகத் தாங்கினேன்னு வேற சொல்றீங்க! நான் கேட்டேனா உங்க தலைவலியை? நாளைக்கு வந்து ஒழுங்கா உக்காருங்க. மங்கலா இருந்தா மங்கல்னு சொல்லணும். புரியுதா?"

"சரி." அவர் வாசலில் தயங்கினார். காதோரம் சிவந்திருந்தது. "நாளைக்கு... உங்ககிட்ட வேற ஒண்ணும் சொல்லணும்."

அன்று இரவு அவளுக்குக் காபி இல்லாமலே தூக்கம் வரவில்லை.

மறுநாள் அவர் வரவில்லை. அவருடைய பதிப்பாளர் வந்தார்.

நல்ல உயரம், தங்கச் சட்டம் போட்ட கண்ணாடி, ஆளுக்கு முன்னால் வருகிற சென்ட் வாசனை. நாற்காலியில் உட்காராமல் அமர்ந்தருளினார்.

"நேத்து பேச்சுவாக்குல நம்ம ஆள்கிட்டச் சொன்னேன்... போறப்ப வரப்ப பாத்த கண்ணாடிக் கடைப் பொண்ணு லட்சணமா இருக்கே, நமக்கும் வயசாகுதேன்னு. அவ்வளவுதாங்க! என் கையைப் புடிச்சுக்கிட்டான். கண்ணு கலங்கிடுச்சு. 'நீ நல்லா இருக்கணும்டா'ன்னான். அப்புறம்தான் விஷயம் புரிஞ்சுது... அவனுக்கும் உங்க மேல ஒரு இது. எனக்காக விட்டுக்குடுத்துட்டான்! என்ன மனசு பாருங்க!"

அவள் வில்லைப் பெட்டியைப் பட்டென்று மூடினாள். "விட்டுக்குடுக்க நான் என்ன பஸ்ல ஜன்னல் சீட்டா?"

"கோவிச்சுக்கக் கூடாது. அவ்வளவு பெரிய தியாகம் பண்ணியிருக்கான். அதை நாம மதிக்க வேணாமா?"

"சார், அந்தப் பலகையைப் பாருங்க. கடைசி வரி தெரியுதா?"

"தெரியலையே..."

"கதவு தெரியுதா?"

தெரிந்தது. போகிற போக்கில், சாயங்காலம் நடக்கப்போகும் கூட்டத்துக்கு வரும்படி சொல்லிவிட்டுத்தான் போனார். நாவலாசிரியர் பேசுகிறார். தலைப்பு: காதலும் தியாகமும், கதையிலும் வாழ்விலும்.

மண்டபத்தில் கூட்டம் நிரம்பி வழிந்தது. தலைமை தாங்கியவர் "தியாகம் என்றால் என்ன?" என்று கேட்டுவிட்டு நெடுநேரம் பதில் சொன்னார். மைக்கை மட்டும் அவர் யாருக்கும் தியாகம் செய்வதாக இல்லை. முன்வரிசையில் அக்கா கைக்குட்டையோடு தயாராக உட்கார்ந்திருந்தாள். பதிப்பாளர் மேடையில் நண்பனுக்காக இழந்தவனின் நண்பனாக, அதற்குரிய கம்பீரத்தோடு வீற்றிருந்தார்.

பிறகு நாவலாசிரியர் எழுந்தார். அதே தப்பான கண்ணாடி. தாளைக் கையெட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்து, நெற்றியைச் சுருக்கிப் படித்தார். "அடைவது அல்ல காதல்... அளிப்பதே காதல்..." முன்வரிசையில் மூக்குறிஞ்சும் ஒலி.

"யாருக்காவது கேள்வி இருக்கா?" என்றார் தலைவர், யாருக்கும் இருக்கக் கூடாது என்ற குரலில்.

அக்காவின் பக்கத்திலிருந்து அவள் எழுந்தாள்.

"எனக்கு இருக்கு. என்னைக் குடுத்தீங்களே... யாரைக் கேட்டுக் குடுத்தீங்க?"

மண்டபம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. மேடையில் அவர் தாளை மடித்துக் கீழே வைத்தார்.

"ஏய்... உக்காருடீ!" அக்கா பல்லைக் கடித்தாள். "மானத்தை வாங்காதே!"

"நீ சும்மா இரு அக்கா, உனக்கும் சேர்த்துத்தான் கேக்கறேன்." குரல் உடைந்தது. உடைந்தாலும் நிற்கவில்லை. "உங்களுக்கெல்லாம் தியாகம் பண்ண ஒரு ஆள் வேணும். அந்த ஆள் வாயைத் திறக்கக் கூடாது. காலம் முழுக்க நன்றியோட தலையைக் குனிஞ்சுக்கிட்டே இருக்கணும். எதுக்குங்க? நீங்க பெரிய மனுஷன்னு நாலு பேர் சொல்றதுக்கு நான் எதுக்கு ரயில் நிலையத்துல நின்னு அழணும்?"

"இந்தப் பெண்மணியைக் கொஞ்சம்..." என்று தொடங்கினார் தலைவர்.

"இருங்க ஐயா" என்றார் அவர். யாரையும் குறுக்கிட்டுப் பழக்கம் இல்லாததால் சத்தம் கொஞ்சம் அதிகமாகவே வந்துவிட்டது. மைக்கை விட்டுவிட்டு மேடையின் விளிம்புக்கு வந்தார்.

அவள் நகரவில்லை. "அன்னைக்கு ஒழுங்கா பதில் சொல்லல நீங்க. இப்பச் சொல்லுங்க. இதுவா... இல்ல, அதுவா? நண்பனுக்குக் குடுத்துட்டுக் கண்ணீர் விடறதா, இல்ல..." அதற்கு மேல் அவளால் முடியவில்லை. "எனக்கு எது வசதின்னு பாக்காம சொல்லுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். இப்போது அவளும் கூட்டமும் ஒரே மூட்டமாகத்தான் தெரிந்திருக்கும். ஆனாலும் சரியாக அவள் இருந்த பக்கம் பார்த்தார்.

"எனக்குப் பயம்" என்றார். "உங்ககிட்ட வந்து சொல்லி, நீங்க வேணாம்னுட்டா... அதை எங்க கொண்டுபோய் வைக்கிறதுன்னு தெரியல. இவன் வந்து சொன்னப்ப, நிஜமாச் சொல்றேன், நிம்மதியா இருந்துச்சு. தியாகம்னு பேர் வச்சுட்டா பயம்கூட அழகா ஆயிடுது. இத்தனை புத்தகமும் அப்படி எழுதினதுதான்."

பதிப்பாளர் இருமினார். விற்பனைக்குக் கட்டி வைத்திருந்த பிரதிகளின் மேல் அவர் பார்வை போய் வந்தது.

"எனக்கு..." அது அவர் வாய்க்குப் புதுச் சொல். அவருடைய எந்தக் கதாநாயகனும் அதை உச்சரித்ததில்லை. "எனக்கு நீங்க வேணும். யாருக்கும் குடுக்க மாட்டேன்னு சொல்லக்கூட எனக்கு உரிமை இல்ல, நீங்க என்னோட பொருள் இல்ல. ஆனா... வேணும்."

யாரோ பின்வரிசையில் கைதட்டத் தொடங்கி, தான் மட்டும்தான் என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார்.

அவள் கண்கள் நிறைந்துவிட்டன... இம்முறை உண்மையாகவே கொஞ்சம் கடல் இருந்தது.

"எனக்கும்தான்" என்றாள். "கோபமும் இருக்கு. அது சீக்கிரம் போகாது. ரெண்டும் இருக்கும், பாத்துக்கங்க."

சொல்லிவிட்டு விடுவிடுவென்று வெளியே போய்விட்டாள்.

படிக்கட்டில் அக்கா பிடித்துவிட்டாள். திட்டப்போகிறாள் என்றுதான் நினைத்தாள். அக்கா கைக்குட்டையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"அந்த பேங்க் ஆளை..." என்றாள், எங்கோ பார்த்துக்கொண்டு. "உனக்காக விடலடீ. அவர் சிரிக்க சிரிக்கப் பேசினாரா... எனக்குப் பதிலுக்கு ஒண்ணுமே பேச வரல. பயந்துட்டேன்."

"இத்தனை வருஷமா என் தலையில கட்டினியே அக்கா!"

"கட்டினேன். என்ன இப்ப?" அக்கா தன் குடையை விரித்தாள். கோபமாகத்தான் விரித்தாள். பிறகு, "அந்த ஆளு கண்ணாடி இல்லாம எங்கயாவது முட்டிக்கப் போறாரு, போய்ப் பாரு" என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தாள்.

அவர் மண்டப வாசலில் நின்றிருந்தார். மழை பிடித்திருந்தது. யாரிடமோ இரவல் வாங்கிய ஒற்றைக் குடை.

இருவரும் தெருவில் இறங்கினார்கள். கொஞ்ச தூரம் போனதும்தான் அவள் கவனித்தாள். தன் மேல் ஒரு துளி விழவில்லை. நிமிர்ந்து பார்த்தாள். குடை முழுவதும் அவள் தலைக்கு மேல். அவர் வெளியே, தொப்பலாக... முகத்தில் அதே பட்டாபிஷேகப் புன்னகை.

"ஐயோ! குடையை நடுவுல பிடிங்க!"

"இல்ல, நீங்க நனைஞ்சிடுவீங்களே..."

"நனையறேன்! என் தோள், நான் நனைச்சுக்கறேன்!"

குடைக் காம்பைப் பிடித்து இழுத்து நடுவில் நிறுத்தினாள். அவர் விரல்மேல் விழுந்த கையை எடுக்கவில்லை.

"இப்ப எப்படி இருக்கு?" என்றாள், அதட்டலாகவே.

அவர் யோசித்தார். இந்த முறை உண்மையாகவே யோசித்தார்.

"ஒரு பக்கம் நனையுது" என்றார். "குளிருது."

"எனக்கும்" என்றாள் அவள். கொஞ்சம் நெருங்கி நடந்தாள்.