சூடேறினால் பொய் சொல்லும்

பூபதி ஃபர்னஸ் அருகே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

தூங்குகிறான் என்று முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள்.

எழவில்லை... இனி எழவும் மாட்டான்!

கார்பன் மோனாக்சைடு. வாசனை இல்லாத விஷம். அவன் தலைக்கு மேலே கேஸ் அலாரம் பச்சை விளக்கோடு சமர்த்தாக இருந்தது. மூச்சுக்கூட விடவில்லை!

மத்தியானமே இன்ஸ்பெக்டர் கங்கப்பன், பாகலூர் ரோட்டில் அந்த அலாரத்தைத் தயாரித்த ஷெட்டுக்குள் நுழைந்தார்.

பங்குதாரர்கள் இருவர். சர்க்யூட்டை வடிவமைத்த மோகனப்ரியா. பாகங்கள் வாங்கிப்போடும் தினேஷ்குமார். காலேஜில் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவர்கள்.

"டிசைன் யாரோடது?"

"அவங்களோடதுதான் சார்!" தினேஷ் முந்திக்கொண்டான். "அவங்க சொன்ன சிப்பை வாங்கித் தர்றவன் நான். அவ்வளவுதான்."

மோகனப்ரியா அவனைப் பார்த்தாள். நேற்றுவரை 'நம்ம டிசைன்' என்று சொன்ன வாய்!

"ஏம்மா... ஜீப்ல ஏறுறீங்களா?"

"ஒரு டெஸ்ட் பண்ணிட்டு வர்றேன் சார். சென்சார் தர்றது துளியூண்டு சிக்னல். அதைப் பெருக்கிக் காட்டுறது ஆப்-ஆம்ப்னு ஒரு சிப். மட்டமான சிப் ரூமுக்குள்ள ஒழுங்கா இருக்கும். ஃபர்னஸ் சூட்டுல தப்பா காட்டும். அதனாலதான் சூட்டுக்கு அசையாத சிப்பா பார்த்துப் போட்டேன்."

"அதைத்தான் சார் வாங்கினேன்! மேல நம்பரைப் பாருங்க, ஒரிஜினல்!"

"சரி தினேஷ். நீயும் உட்காரு."

மோகனப்ரியா ஷட்டரை இறக்கினாள். அதே ரக அலாரத்தை மேஜைமேல் வைத்தாள். சூடான காற்றை ஊதும் ப்ளோயரை அதன்மேல் திருப்பினாள்.

பக்கத்தில் இருந்த டெஸ்ட் கேஸ் சிலிண்டரின் வால்வைத் திறந்தாள்!

"பூபதியைக் கொன்ன அதே கேஸ் சார். என் டிசைன் சரின்னா, நமக்கு மயக்கம் வர்றதுக்கு முன்னாடியே அலாரம் அடிக்கும்."

"அ... அடிக்கலைன்னா?" என்றார் கங்கப்பன்.

"காரணத்தை பூபதிகிட்டயே நேர்ல கேட்டுக்கலாம்."

ப்ளோயர் இரைந்தது.

பச்சை விளக்கு அப்படியே இருந்தது.

தினேஷ் அலாரத்தைப் பார்த்தான். ஷட்டரைப் பார்த்தான். நாற்காலி நுனிக்கு நகர்ந்தான்.

"உட்கார்ந்தே இரு தினேஷ்..." கிட்டத்தட்டக் கெஞ்சினாள்.

நாற்காலி உருண்டது!

"திறங்க! அது அடிக்காது! சிப்பை நான்தான் மாத்தினேன்... நம்பர் அடிச்ச டூப்ளிகேட்! சார், திறங்க சார்!"

ஷட்டரைக் குத்தினான். உதைத்தான்.

மோகனப்ரியா ப்ளோயரை நிறுத்தினாள்.

"நீ மட்டும் உட்கார்ந்தே இருந்திருந்தா, தப்பு என் டிசைன்லதான்னு நம்பி நானே ஜீப்ல ஏறியிருப்பேன்டா..."

குரல் உடைந்தது.

கங்கப்பன் கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு அலறினார். "அழுகையெல்லாம் அப்புறம்மா! முதல்ல வால்வை மூடு!"

"காலி சிலிண்டர் சார். ரீஃபில் வாங்கிட்டு வாடான்னு இவன்கிட்டதான் சொல்லிக்கிட்டே இருந்தேன். காதுலயே வாங்கலை."

கங்கப்பன் கர்ச்சீப்பை மெல்ல இறக்கினார். நெற்றியைத் துடைத்தார். தினேஷின் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்தார்.

"உங்க ஷெட்டுல சூடேறினதும் ஒழுங்கா அலறின ஒரே பீஸ், உங்க பார்ட்னர்தாம்மா!"