தரைக்கு அடியில் பிட்டு

"பிட்டு! பிட்டு!"

மிதுஷா வீடு முழுக்கக் கூப்பிட்டுப் பார்த்தாள். பதிலே இல்லை.

முன்னறையில் முழங்காலில் இருந்து தரைப்பலகைக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்த வாமதேவன் மாமா நிமிர்ந்தார். "பிட்டோ? எனக்கும் ஒரு கோப்பை போடு பிள்ளை. காலமை ஒண்டும் சாப்பிடேல்லை."

"ஐயோ மாமா, பிட்டு பூனை! லூர்தம்மா அன்ரியின்ரை பூனை!"

பக்கத்து வீட்டு லூர்தம்மா அன்ரி கண் சத்திரசிகிச்சைக்காக ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். தனியே வாழும் அவருக்குத் துணை அந்தப் பூனைதான். அதை மிதுஷாவின் கையில் கொடுத்து, "உன்னை நம்பித்தான் விட்டிட்டுப் போறன்," என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சொல் இப்போது மிதுஷாவின் நெஞ்சில் கல்லாகக் கனத்தது.

குளிர் ஊரான ஈஸ்ட் ஹாமில் இருந்த அந்தப் பழைய வீட்டை இவ்வளவு நாளும் விறகடுப்புத்தான் சூடாக்கியது. புகையால் அம்மாவுக்கு இருமல் ஓயவில்லை. அதனால் அடுப்பைக் கழற்றிவிட்டு, தண்ணீரைச் சுடவைக்கும் கேஸ் பொய்லரும் அறைக்கு அறை சூடு தரும் ரேடியேட்டரும் பூட்டினார்கள். சுடுதண்ணீர் ஓடும் குழாய்கள் தரைக்கு அடியில் போயின. அந்த வேலையைத்தான் வாமதேவன் மாமா முடித்துக்கொண்டிருந்தார்.

"மியாவ்."

மெல்லிய சத்தம். மிதுஷா தரையில் காதை வைத்தாள்.

"மாமா, பிட்டு கீழே நிக்குது! நீங்கள் ஆணி அடிச்சு மூடிப்போட்டீங்கள்!"

மாமாவின் முகம் வெளிறியது. சத்தம் வந்த இடத்துப் பலகையைச் சுத்தியலால் நெம்பிக் கிளப்பினார். உள்ளே இருட்டும் தூசியும்தான். பூனை இல்லை. இப்போது சத்தம் குசினிப் பக்கம் கேட்டது. அங்கே ஓடி இன்னொரு பலகையைக் கிளப்பினார். சத்தம் படிக்கட்டுக்கு அடியில் போய்விட்டது.

"முழு வீட்டையும் கிளப்ப ஏலாது பிள்ளை," என்று மாமா வியர்வையைத் துடைத்தார்.

"ஏதாவது இடுக்கிலை இறுகிச்செண்டால்?" என்றார் அம்மா.

மிதுஷாவுக்கு அழுகை முட்டியது. ஆனாலும் யோசித்தாள். சுத்தியல் சத்தம் கேட்கக் கேட்கப் பூனை தள்ளித் தள்ளிப் போகிறது. கீழே குழாய்கள் இதமாகச் சுடுகின்றன. பிறகு அது ஏன் வெளியே வரும்?

"மாமா, பொய்லரை நிப்பாட்டுங்கோ. சுத்தியலையும் வையுங்கோ."

"என்ன?" அம்மா சால்வையை இழுத்துப் போர்த்தினார். "இண்டைக்குத்தானே முதன்முதலாச் சூடு வந்தது! வெளியிலை பனி கொட்டுது!"

"கீழே குளிரவேணும் அம்மா. மேலே மட்டும்தான் சூடு இருக்கவேணும்."

அவள் சுடுதண்ணீர்ப் பையை நிரப்பித் தன் கம்பளிச் சட்டையில் சுற்றினாள். முன்னறையில் பலகை கிளப்பிய துவாரத்தின் ஓரத்தில் வைத்தாள். பக்கத்தில் கொஞ்சம் டின் மீன்.

மூவரும் மூச்சுக் காட்டாமல் இருந்தார்கள். வீடு மெல்ல மெல்லக் குளிர்ந்தது. அம்மாவின் பற்கள் தாளம் போட்டன. வாமதேவன் மாமா இரண்டு கையையும் கக்கத்துக்குள் செருகிக்கொண்டார். மியாவ் சத்தமும் நின்றுவிட்டது. நான் செய்தது பிழையோ என்று எண்ணியபடி மிதுஷா மீனைத் துவாரத்துக்கு இன்னும் கிட்டத் தள்ளிவைத்தாள்.

நெடுநேரம் கழித்து, துவாரத்துக்குள் இரண்டு பச்சைக் கண்கள் மின்னின.

மாமா எழும்பப் போனார். மிதுஷா அவருடைய கையைப் பிடித்து இருத்தினாள். அசையவேண்டாம் என்று கண்ணாலேயே சொன்னாள்.

முதலில் மூக்கு வந்தது. பிறகு மீசை. பிறகு, வெள்ளையாக இருந்த பிட்டு, கரிச்சட்டி போல வெளியே வந்து கம்பளிச் சட்டையில் ஏறியது.

"அம்மாடி!" என்று மாமா பெருமூச்சு விட்டார். மிதுஷா பூனையை மடியில் இறுக்கிப் பிடித்த பிறகுதான் அன்றைக்குக் கடைசி ஆணிகளை அவர் அடித்தார்.

மாலையில் ஆஸ்பத்திரியில் இருந்து தொலைபேசி வந்தது. "என்ரை பிட்டு என்ன செய்யுது பிள்ளை?"

மிதுஷா மறுபடி சூடேறிய ரேடியேட்டரில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள். மடியில் பிட்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

"நல்ல நித்திரை அன்ரி. ஆனால் நீங்கள் வாறதுக்குள்ளை, ஆளை ஒருக்காக் குளிப்பாட்டவேணும்."