இயல்புமானி

படகு நடு ஆற்றுக்கு வந்த பிறகும் செண்பகவல்லி தண்ணீரைப் பார்க்கவில்லை. படகோட்டி ராம்ஜதனின் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்காவது விசை வைத்திருக்கிறானா, காலுக்கடியில் பொத்தான் ஏதும் உண்டா என்று அவள் கண் துழாவியது. சுற்றுலா வருகிறவர்கள் வெறுமனே திரும்பக்கூடாதென்று, ரப்பர்த் தோல் போர்த்திய இயந்திர ஓங்கில்களை, அதாவது டால்பின்களை, ஆற்றில் விட்டுக் குதிக்கவைக்கிற காலம் அது.

அந்தப் புரட்டைப் பிடிக்கத்தான் இயல்புமானி முதலில் வந்தது. உள்ளங்கை அளவுக் கருவி. பிறர் பார்ப்பதற்காகச் செய்யும் எந்த அசைவிலும் பேச்சிலும் இமைப்பொழுதைவிடக் குறைந்த ஒரு தயக்கம் இருக்கும். நுண்ணிய அதிர்வலையை அனுப்பி அந்தத் தயக்கத்தை அது பிடித்துவிடும். தன்பாட்டுக்கு இருக்கும் உயிருக்குப் பச்சை. நடிக்கும் உயிருக்கும் இயந்திரத்துக்கும் சிவப்பு. காடுகளில் நன்றாக விற்றது. பிறகு வீடுகளில் அதைவிட நன்றாக விற்றது.

திருப்பூரில், தீபாவளித் தள்ளுபடியில் வல்லியும் ஒன்று வாங்கினாள். அன்றிலிருந்து அவள் கணவன் தணிகாசலம் சொன்ன ஒரு நல்ல வார்த்தைக்கும் பச்சை விழவில்லை. குழம்பு நன்றாயிருக்கிறது என்றான், சிவப்பு. உன் நினைப்பாகவே இருந்தது என்றான், அதற்கும் சிவப்பு. மெஷின் கெட்டுப்போச்சு என்று சிரித்து மழுப்பினான்.

கெட்டது மெஷினா மனுஷனா என்று தெரிந்துகொள்ளத்தான் அவள் இந்தப் பயணத்துக்கு ஏற்பாடு செய்தாள். பாகல்பூருக்குக் கிழக்கே கங்கையில் கொஞ்சமாக மிஞ்சியிருந்த ஆற்று ஓங்கில்களுக்குக் கண்பார்வை கிடையாது. பார்வையே இல்லாத உயிர் யாருக்காக நடிக்கப்போகிறது? அதற்குப் பச்சை விழுந்தால் மானி சரி, புருஷன்தான் பொய். அப்படியானால் திரும்பும்போது ஈரோட்டில் தான் மட்டும் இறங்கி, கோபியிலுள்ள அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவதென்று பெட்டியில் துணிகூட அதிகமாக எடுத்துவைத்திருந்தாள். தணிகாசலத்துக்கு இது தெரியாது. உல்லாசப் பயணம் என்று நம்பிப் புதுத் தொப்பி வாங்கிப் போட்டுக்கொண்டு வந்திருந்தான்.

"ஏம்புள்ள, ஏதாச்சும் தெரியுதா?"

"உங்களுக்குத் தெரிஞ்சாச் சொல்லுங்க."

"எனக்குத் தொப்பிதான் தெரியுது. கண்ணை மறைக்குது."

அவள் சிரிக்கவில்லை. ராம்ஜதன் இந்தியில் ஏதோ சொன்னான். படகு முனையிலிருந்த மொழிபெயர்ப்பிக் கருவி அதைத் தமிழாக்கியது: "மதிப்பிற்குரிய பயணிகளே, ஓங்கிலானவள் சுவாசிக்க வருவாள். பொறுத்தருள்க."

"கல்யாண மேடையில பேசற மாதிரியே பேசுது பாரு" என்றான் தணிகாசலம்.

அப்போது 'புஸ்'ஸென்று மூச்சுச் சத்தம். படகை ஒட்டி ஒரு சாம்பல் முதுகு எழுந்தது. நீண்ட மூக்கு படகுப் பக்கம் திரும்பி நின்றது. வல்லி மானியை நீட்டினாள்.

சிவப்பு.

"பொம்மை!" என்று கத்தினாள். "காசு வாங்கிட்டுப் பொம்மையக் காட்றான்!"

ராம்ஜதன் துடுப்பைப் போட்டுவிட்டுக் கையை ஆட்டி ஆட்டிப் பேசினான். மொழிபெயர்ப்பி பணிவாகச் சொன்னது: "அம்மணி, ஐயமிருப்பின் தாங்களே குதித்துக் கடிபட்டு அறியலாம்."

அவள் கணவன் பக்கம் திரும்பினாள். "நீங்க இவன்கிட்ட முன்னாடியே பேசி வெச்சுட்டீங்களா?"

"எதைப் பேசி வெக்க? எனக்கு இந்தியே வராதே!"

ஆத்திரத்தில் மானியின் விசையை அணைத்து அதை மடியில் போட்டாள். சற்று நேரத்தில் ஓங்கில் விலகிப் போயிற்று. தொலைவில், பக்கவாட்டில் சாய்ந்து மீன் விரட்டியது. கூடவே ஒரு குட்டி. படகென்று ஒன்று இருப்பதையே இரண்டும் மறந்துவிட்டன. இப்போது பிடிக்கலாமென்று அவள் மானியின் விசையைப் போட்டாள். அந்த நொடியே தாயும் குட்டியும் வேட்டையை விட்டுவிட்டுப் படகை நோக்கி நேராக வந்தன. மறுபடியும் சிவப்பு. அணைத்தாள், போய்விட்டன. போட்டாள், வந்தன.

வல்லிக்கு மெல்ல விளங்கியது. கண்ணில்லாத உயிர் காதால்தான் பிழைக்கிறது. நமக்குக் கேட்காத இந்த மானியின் அலை, அதன் காதில் பெயர் சொல்லிக் கூப்பிடுவதுபோல விழுகிறது. யாரோ தன்னைக் கவனிக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு எது தன்பாட்டுக்கு இருக்கும்?

"ஏங்க, இது போட்டா உங்களுக்கும் கேக்குமா?"

"சத்தமெல்லாம் கேக்காது. ஆனா நீ போட்டுட்டேன்னு உன் மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சுரும். அப்புறம் நெசத்தைச் சொன்னாலும் பரீட்சை எழுதற மாதிரியே இருக்கும்."

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், ஈரோட்டில் இறங்க நினைத்தது, கோபி, பெட்டியிலிருந்த துணி. "இனிமே சந்தேகப்பட மாட்டேங்க. உங்களை நம்பறேன்."

தணிகாசலம் தொப்பியைக் கழற்றினான்.

"ரயில்ல எம்பக்கத்துல உக்காந்து புளிசாதம் பிரிச்சுக் குடுத்தியே. அப்பவும் மனசுல அதுதான் இருந்துச்சா?"

அவன் அவள் மடியிலிருந்து மானியை எடுத்து விசையைப் போட்டான்.

"இப்பச் சொல்லு. நம்பறேன்னியே, அதை."

"நம்பறேங்க" என்றாள். உண்மையாகத்தான் சொன்னாள். ஆனால் சொல்லும்போதே, தன் குரல் அவனுக்கு எப்படிக் கேட்கும் என்று ஒரு நினைப்பு குறுக்கே ஓடியது.

சிவப்பு.

"ஏங்க, இது அப்படித்தான் காட்டும். இப்பத்தானே கண்ணால பாத்தோம்!"

"பாத்தேன் புள்ள" என்றான். மானியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"அணைச்சுட்டீங்களா?"

"அணைச்சுட்டேன்."

படகு கரைக்குத் திரும்பியது. ராம்ஜதன் பின்னால் வந்துகொண்டிருந்த இரண்டு சாம்பல் முதுகுகளைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகக் கூவினான்.

"தாங்கள் பெரும் பாக்கியசாலிகள்" என்றது மொழிபெயர்ப்பி. "கரை வரைக்கும் அவை எவரையும் பின்தொடர்ந்து வந்ததே இல்லை."